அத்தை லைனில் இருக்கிறார்

எங்கள் அத்தைக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் மருமகளான நான் அவருக்குக் "கண்ணு". சோறு குழைந்துபோனால் "அம்மணி". "ஏனுங்க அம்மணி" என்று ஆரம்பித்துவிட்டால் தொலைந்தேன். "ஏனுங்க அம்மணி, ரசத்துல புளி போட்டீங்களா, இல்ல அது பஸ்ஸுல வரையில மேட்டுப்பாளையத்துலயே எறங்கிப்போச்சுங்களா?" கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு மூக்கைச் சிந்தி அழுதிருக்கிறேன். அப்புறம் அதே குரலில் திருப்பிப் பேசிக் காட்டப் பழகிக்கொண்டேன். அழுகையைவிட அது எனக்கு நன்றாக வந்தது.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நாளெல்லாம் "லைன்ல இருங்க" என்று சொல்வதுதான் பிழைப்பு. டீ வேளையில் அத்தை மாதிரி பேசிக் காட்டினால் லேத்தில் நிற்பவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். சேதி எங்கள் பகுதிக் கேபிள்காரர் காதுக்குப் போயிற்று. அவருக்கென்று ஒரு சேனல் இருந்தது. காலையில் பக்திப்பாட்டு, சாயங்காலம் சினிமா, நடுவில் யார் வீட்டுக் கல்யாண கேசட்டாவது ஓடும். அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துடியலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சிரிப்பு நிகழ்ச்சி நடத்தி, நேரடியாக ஒளிபரப்பப் போவதாகக் கிளம்பினார். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அவர்களுடைய வேன் படுத்துவிட்டதால் தூரத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். புது வேன் வாங்கப் பணம் சேர்க்க வேண்டும். "அந்த மாமியார் பேச்சைப் பேசுங்கக்கா, அது போதும்" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது சாமி." அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நான் வேலைக்குப் போகலாம் என்று குடும்பத்தில் வாயைத் திறந்து சொன்னதே அத்தைதான். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேடையோடு வேலையும் போய்விடும். ஆனால் அத்தை இருந்தது கொடுமுடிப் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே கேபிளே கிடையாது. அந்தத் தைரியத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் ஏறிய பையன்கள் வாயாலேயே ரயில் ஓட்டினார்கள், சினிமாக்காரர்கள் குரலில் சண்டை போட்டார்கள். மண்டபம் அதிர்ந்தது. முன் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்த அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் உம்மென்று இருந்தார்கள். பின்னே? காது கேளாத பிள்ளைகளைக் கூட்டிவந்து குரல் வித்தை காட்டினால் என்ன செய்வார்கள்? இந்த யோசனையைச் சொன்ன மகராசன் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் முறை வந்தது. அத்தை குரலை எடுத்து, அந்த ரசத்துப் புளியில் ஆரம்பித்தேன். பின்னால் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வீடியோக்காரர் கல்யாணப் பழக்கத்தில் என் முகத்தை ஒரு இதய வடிவத்துக்குள் போட்டு ஊருக்கெல்லாம் காட்டினாராம். முன் வரிசை அப்போதும் சிரிக்கவில்லை.

அடுத்துக் கேபிள்காரர் மைக்கைப் பிடித்தார். போன் செய்யுங்கள், ஆள் வந்து நன்கொடையை வாங்கிக்கொள்வார் என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. பணம் கொடுங்கள் என்று சொல்ல எங்கள் ஊர்க்காரர் வாய்க்கு எங்கே வரும்? நெளிந்தார், குழைந்தார், கடைசியில் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, "எல்லாரும் குடும்பத்தோட மண்டபத்துக்கு வந்து, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு, உங்களால ஆனதைச் செஞ்சுட்டுப் போகோணுமுங்க" என்று முடித்தார். கல்யாண மண்டபம், சாப்பாடு, வாங்க என்ற அழைப்பு. எங்கள் சனத்துக்கு இது போதாதா? அரை மணியில் மொய்க் கவரும் கையுமாகத் துடியலூரே வாசலில் வந்து நின்றது. உள்ளே சமையல்கட்டில் அடுப்பே மூட்டவில்லை. கேபிள்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

கூட்டத்தைப் பார்த்து வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது அத்தை.

நாத்தனாருக்குக் காய்ச்சல் என்று அன்று காலையில்தான் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். நாத்தனார் வீடு துடியலூரிலேயே, கேபிள் இருக்கிற வீடு. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், கொடுமுடியில் இருக்க வேண்டியவர் என் முன்னால் நிற்கிறார் என்பதுதான்.

"ஏனுங்க அம்மணி" என்றார். "சாப்புட வாங்கன்னு ஊரையே கூப்புட்டுப்போட்டு அடுப்புப் பத்த வெக்காம நிக்கறீங்களே, இது எந்த ஊரு மொறைங்க?"

என் பேச்சைக் கேட்டாரா, இல்லை அழைப்பை மட்டும் கேட்டாரா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குப் போனார். எதிர் மளிகைக்கடையிலிருந்து அரிசியும் பருப்பும் வந்தன. மொய் வைக்க வந்தவர்களையே உட்கார வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்னார். அண்டா நிறைய அரிசிம்பருப்புச் சோறு கொதித்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் பாதி, பயம் பாதி.

முதல் பந்தி நடக்கும்போது எந்தப் புண்ணியவானோ கேபிள்காரரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான், அந்த மாமியார் இவர்தான் என்று. அவர் ஓடிவந்தார். "அம்மா, மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா." நான் பின்னால் நின்று வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அவ சொன்னதெல்லாம் நெசந்தானுங்க" என்றார். "ஆனாப் பாதிதான் சொன்னா. மீதிய நான் சொல்றேனுங்க. என்ற மருமக கம்பெனியில போன் எடுக்கறவ. கண்ணு, ஒரு டம்ளர் தண்ணி குடுன்னு கேட்டா, லைன்ல இருங்க அத்தைன்னு சொல்லுவா." பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார், டம்ளருக்காக. நீட்டிய கை நீட்டியபடி நின்றார். கழுத்தை எட்டி உள்ளே பார்த்தார். கை வலித்தது போல மறு கையால் தாங்கிக்கொண்டார். கொட்டாவி விட்டார். நின்றபடியே தூங்கி விழப்போய், திடுக்கிட்டு விழித்து, மறுபடி கையை நீட்டினார். முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். பக்கத்துப் பையன் எழுந்து நின்று தன் கையை நீட்டிக் காட்டினான். வரிசை முழுக்கக் கைகள் நீண்டன, டம்ளர் கேட்டு. அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அடிப்பாவி, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் இந்தத் திறமையை! எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

கடைசியாக மைக்கில் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்பவே தெரியுமுங்க, இவ வாய் ஊரைக் கூட்டுமுன்னு. அதுக்குத்தானே பையனுக்குக் கட்டி வெச்சேன்."

நான் எல்லார் முன்னாலும் அழுதேன். அப்போது வெங்காயம் இல்லை.

வேன் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் அது பிள்ளைகளோடு போகும்போதெல்லாம், பக்கத்தில் யார் நின்றாலும், "எங்க அத்தை வண்டி" என்பேன்.

அன்று ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை வெளியே பார்த்தபடி வந்தார். பாதி வழியில், "ஏனுங்க அம்மணி" என்றார். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"சொல்லுங்க அத்தை."

"அந்த ரசத்துக்கு நான் மேட்டுப்பாளையம்னு சொல்லலீங்க. காரமடைன்னுதான் சொன்னேன். அடுத்த மேடையிலயாவது சரியாச் சொல்லோணும்."