கயிற்றில் முன்னால் போனவர்

பனி மூடிய ஷாஸ்டா மலையில் முன்னால் கைடு, நடுவில் அவர், கடைசியில் நான் என்று மூவரும் ஒரே கயிற்றில் ஏறினோம். அவர் குபெர்டினோவில் வேலை பார்க்கும் தமிழர். ஹெல்மெட்டுக்குள் மங்கி கேப். அடிக்கடி என் பக்கம் திரும்பி, "ஓகேவா அங்கிள்?" என்பார்.

"இந்தப் பக்கம் டிரைவ் பண்றப்பல்லாம் இந்த உச்சியத்தான் பாப்பேன்" என்று முதல்நாள் சொல்லியிருந்தார்.

ஒருவர் பாதியில் இறங்கினால் அந்தக் கயிற்றில் எல்லோரும் இறங்க வேண்டும் என்பது விதி. சிகரம் நெருங்கும்போது எனக்கு மூச்சுத் திணறியது. அவருக்காக வாயைத் திறக்காமல் நின்றேன். திரும்பிப் பார்த்தவர், கைடை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"முட்டி வலிக்குது. என்னால உங்களுக்கும் சான்ஸ் போச்சு, சாரி அங்கிள்."

இறங்கும்போது கைடு அவரை முன்னால் விட்டார். அவர் துளியும் நொண்டவில்லை. ஏழு முறை திரும்பினார். என்னைத்தான் விசாரிக்கிறார் என்று ஏழு முறையும் தலையாட்டினேன். அவர் பார்த்தது என் தலைக்கு மேலே தெரிந்த சிகரத்தை.