அழிந்த பிறகும் பாடிய பாட்டு

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். பாதி சோம்பல், பாதி பயம். சோம்பல் என்று மட்டும் சொல்லியிருந்தால், என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நம்பியிருப்பார்கள்...

சரி, சொல்லிவிடுகிறேன். பிரபாவின் பாட்டுகளை அழித்தவன் நான்தான். ஹார்ட் டிஸ்க் தானாகச் சாகவில்லை. நானே அழித்துவிட்டு, செத்துவிட்டது என்று சொன்னேன்.

நான் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சைக்கே பாதியில் கும்பிடு போட்டவன். பிலிமத்தலாவையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை. பிரபா என் கூட்டாளி, பன்வில தேயிலைத் தோட்டத்துக்காரன். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கடுகண்ணாவையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு செய்வான். கொழும்பில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஒருவர், "எல்லாத்தையும் கொண்டு வாங்க தம்பி, கேட்டுப் பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரோ ஆமை. புது டிரைவ் ஒன்று மாட்டி, அதில் புது சிஸ்டம் ஏற்றித் தருவதாகச் சொன்னேன். பென் டிரைவிலிருந்து எழும்ப மாட்டேன் என்று பழைய மெஷின் அடம் பிடித்தது. அதனால் என்ன? ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்துக்குள் இருந்தபடியே பக்கத்து டிரைவில் இன்னொன்றைக் கட்டலாம். ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டே அடுத்த வீட்டைக் கட்டுவது மாதிரி. கொஞ்சம் கட்டியதும் கொடுக்கிற ஒரு கட்டளை இருக்கிறது. கொடுத்தால் திரை இந்த வீட்டை அப்படியே மறந்துவிடும். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததாக நம்பிவிடும்! கனவுக்குள் இறங்கி, உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்வது போல... எனக்கு அது ஒரு போதை.

அன்று மழை விட்ட பிற்பகல். ஜன்னல் வழியாக மூடுபனி வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தது. எது மலை, எது வானம் என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு ரயில் கூவிக்கொண்டு ஏறியது. பிரபாவின் பாட்டு ஒன்றை அதே கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"டேய் ரிப்பேரு, பாட்டையெல்லாம் மொதல்ல வேற எதுலயாவது எடுத்து வச்சிட்டியா?" என்றான் பிரபா.

"வச்சாச்சு பாகவதரே! ஒங்க பாட்ட திருட எவனும் வரமாட்டான், தைரியமா போங்க."

"வாயப் பாரு! ரோல்ஸ் வாங்கிட்டு வாறேன். ஒனக்கு மீனா, முட்டையா?"

"ரெண்டும்!"

எடுத்து வைக்கவில்லை. அதற்கென்று கடையிலிருந்து வேறொரு டிஸ்க் கொண்டுவர மறந்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். அப்படியே புது வீட்டுக்குக் கடத்திவிடலாம் என்று, பழைய டிஸ்க்கில் பாட்டுகள் இருந்த அறைக்குப் புது டிரைவுக்குள்ளிருந்தே ஒரு கதவு திறந்து வைத்திருந்தேன்.

அவன் படியிறங்கிப் போனதும் புது சிஸ்டத்தில் ஏதோ கோணிக்கொண்டது. இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டலாம் என்று, அந்த டிரைவில் இருக்கிற எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். கதவைச் சாத்தவில்லை!

காலி வீட்டைக் கூட்டிப் பெருக்க இவ்வளவு நேரமா... என்று தோன்றிய அதே நொடியில் புரிந்துவிட்டது. அழிப்பு அந்தக் கதவு வழியாக நடந்துபோய், பிரபாவின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டுகூட மிஞ்சவில்லை.

ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது!

நம்புங்கள். கோப்பு இல்லை, பாட்டு இருக்கிறது. அவன் குரல்... அதற்குப் பின்னால் அவன் தோட்டத்து லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை. மூடுபனி என் முழங்கால் வரை வந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பாட்டை நக்கலடிக்காமல் கேட்டேன். கேட்டேனா? வார்த்தைகள் காதில் விழுந்தன, நிற்காமல் போயின. மழை மட்டும் காதிலேயே தங்கியது.

படியில் செருப்புச் சத்தம்.

பாட்டை நிறுத்தினேன். கம்ப்யூட்டரையும் அணைத்தேன்.

மாதங்கள் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அழித்த கோப்பு, திறந்திருக்கிற வரைக்கும் உயிரோடுதான் இருக்குமாம். பாடிக்கொண்டிருந்த அந்த ஒன்றையாவது அள்ளியெடுத்திருக்கலாமாம். நான் நிறுத்தியபோதுதான் அது செத்தது.

தெரிந்திருந்தால் நிறுத்தாமல் விட்டிருப்பேனா? நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிட்டேன். டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், பாட்டு ஓடக் கூடாதல்லவா...

"டிஸ்க் போயிருச்சு மச்சான். பழசுதானே... ஏத்தும்போதே நின்னிருச்சு. நீ சொன்னப்ப நான் எடுத்தும் வைக்கல. சும்மா சொன்னேன்."

பாதி உண்மையைச் சொன்னால் மீதிப் பொய் செரித்துவிடும் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

பிரபா ரோல்ஸ் பையைப் பிடித்தபடி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் தோளில் தட்டினான்.

"விடுடா. நீ என்னா செய்வ? அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். சாப்பிடு, ஆறுது."

சாப்பிட்டேன்! இரண்டையும்.

பழைய டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் மீட்கப் பார்த்தேன். துண்டுகள்தான் வந்தன. ஓர் இருமல். பாதியில் அறுந்த ஓர் ஆலாபனை. பிரபா தனக்குத்தானே சொல்லிக்கொண்ட "சரி, இன்னொருக்கா." அந்த இன்னொருக்கா பாடியது கிடைக்கவில்லை.

அவன் கொழும்புக்குப் போகவில்லை. இப்போது கட்டாரில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிறான். பாடுறியா என்று போனில் கேட்டால் சிரிக்கிறான். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், எனக்குத்தான் அது நன்றாக வருமே!

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டு உங்களுடையது இல்லை.

உங்களுக்குக் காட்டுவதற்கு முன், இதுவரை எழுதியதை அப்படியே பிரபாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பிறகு ஒரேயொரு வரி வந்தது.

"அந்தப் பாட்டு ஒனக்கு முழுசா ஞாபகம் இருக்காடா?"