இடுப்பால் ஜீப்பை அளந்தவர்

கற்பிட்டி மணல்மேடுகளில் அடி தட்டாமல் ஓட, ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங் செட் கேட்டு, பாலாவிச் சந்தி மெக்கானிக்கிடம் போனேன். அவர் சில்லு, ஸ்பிரிங் பக்கம் குனியவே இல்லை. பின்கதவைத் திறந்து, விளிம்போடு இடுப்பை ஒட்டி நின்று அளந்தார். யாருடைய ஜீப்புக்கும் அப்படித்தானாம்.

"வாப்பா இருக்கிறாரா, தம்பி?"

"ஓம்."

"அப்ப ரெண்டு அங்குலம் போதும். ஆள் செத்தா, ஆஸ்பத்திரியில இருந்து மையத்த ஜீப்பிலதானே கொண்டு வாறம். என்ட வாப்பாவ இறக்கக்குள்ள, உயரத்தில கை தாங்கேலாம சந்தூக்குப் பெட்டி சரிஞ்சி, மணலில விழுந்துட்டார். அந்த ஜீப்ப ஆறு அங்குலம் உயர்த்தினது நான்தான்."

இரண்டு அங்குலமே போடச் சொன்னேன்.

வீட்டில் வாப்பா பின்பக்கமாக ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

"நல்ல லேசா ஏறலாம், மவன்," என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.