ஆய்வக ஜன்னலுக்கு எதிரே அக்கா உட்கார்ந்த பெஞ்சு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அக்காவோடு பழகியவர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிற இன்று, வெயிலைப் பார்க்காமல் ராஜபாளையம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் படித்தால் போதும்.

முறைப்படி இதை அத்தான்தான் எழுதியிருக்க வேண்டும். அவர் பட்டாளத்தில் இருக்கிறார். "எனக்கு லீவு கேட்டு எழுதத்தான் தெரியும். நீதான் வாய் ஓயாம பேசுதவன், நீயே எழுது" என்று போனில் சொல்லிவிட்டார். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழைகளை அக்கா மகள் கயல் திருத்தித் தந்தாள். அதற்கு மேலும் பிழை இருந்தால் அது அவள் கணக்கில் சேரும்.

அக்காவை நேரில் நான் வா, போ என்றுதான் பேசுவேன். மலரில் மரியாதையாக எழுதச் சொல்லி அத்தான் உத்தரவு. எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது வன்னியம்பட்டியில். மூத்த பிள்ளை. நான் பிறந்தபோது அவருக்கு விவரம் தெரிகிற வயது. என்னைத் தொட்டிலில் பார்த்துவிட்டு "இது வேண்டாம், கன்னுக்குட்டி வாங்கிக் குடுங்க" என்று அழுததாக அம்மா சொல்வார். அப்பா பருத்தி போட்டு நட்டப்பட்டு, மழையை நம்பி நட்டப்பட்டு, எங்களை வளர்த்தார். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாவது முடித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. அந்த வருடம்தான் அப்பா தவறினார். அடுத்து வந்தது அத்தான் வீட்டுச் சம்பந்தம். கல்யாணம் ஆகி ராஜபாளையம் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் பின்னாலேயே வந்து, அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தேன்.

கயலுக்கு வலிப்பு வரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் அது அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும், அக்கா ஓடுவார். கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில், "எங்களால பொறுப்பு எடுக்க முடியாதும்மா" என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு, அந்த மூலையில் கயலுக்கு ஒரு மேசை போட்டார்.

நான் சும்மா இருப்பேனா? வாசல் கதவில் சாக்பீஸால் பெரிதாக 'ஹெட்மாஸ்டர் வீடு, காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதிவைத்தேன். தெருவே சிரித்தது. சொந்தக்காரர்கள் நீங்களும் அக்காவை 'ஹெட்மாஸ்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். அந்தப் பட்டம் கொடுத்த பாவி நான்தான்.

பாடம் சொல்லிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை, பரீட்சைக்கு உட்கார வைப்பதுதான் வேலை என்று அக்கா சொல்வார். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சை தானாக வரும். வீட்டில் படிக்கிற பிள்ளை பரீட்சையைத் தேடிப் போக வேண்டும். முதலில் எட்டாவது தனித்தேர்வு. அதற்கு எங்கே பதிவது என்று கேட்டால், ராஜபாளையத்தில் "ஸ்ரீவில்லிபுத்தூர் போங்க" என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் "விருதுநகர்ல கேளுங்க" என்பார்கள். ஒரு நாள் அக்கா அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது நான் கேட்டேன்:

"என்ன ஹெட்மாஸ்டர், இன்னைக்கு எந்த ஊருக்குத் தள்ளி விட்டாவ?"

"ஆளு சாப்பிடப் போயிருக்காராம்ல. மூணு மணி வரைக்கும் சாப்பிடுதாரு. கல்யாண வீட்டுப் பந்திகூட அம்புட்டு நேரம் ஓடாது."

அலைந்து அலைந்து எட்டாவதை எழுத வைத்தார். கயல் தேறினாள். பிறகு பத்தாவது. அங்கேதான் வந்தது செய்முறை. அறிவியல் பாடத்துக்கு, தனித்தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் ஏதாவது ஒரு பள்ளி ஆய்வகத்தில் செய்முறை வகுப்புக்குப் போயாக வேண்டும். வருகை குறைந்தால் செய்முறைத் தேர்வு கிடையாது. செய்முறை இல்லை என்றால் பத்தாவதே அந்த வருடம் கிடையாது. கயலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. சனி, ஞாயிறும் சில நாள் மாலையும் வகுப்பு. ஆய்வக டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

ஆய்வக ஜன்னலுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் நிழல் விழாது. அக்கா அங்கே உட்கார்ந்தார்.

உள்ளே நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்து வீட்டில் மறுபடி நடத்துவார். மஞ்சள் பொடி சுண்ணாம்பில் சிவப்பதையும் செம்பருத்திச் சாறு எலுமிச்சையில் நிறம் மாறுவதையும் என் காப்பி டம்ளரில் செய்து காட்டுவார். "நான் குடிச்சிட்டுச் சாவப்போறேன்" என்று நான் கத்துவேன். லென்சு ஒன்று வாங்கினார். இருட்டறையில் நின்று லென்சை வாசல் பக்கம் பிடித்தால், எதிர்ச் சுவரில் பிடித்த அட்டையில் தெரு தலைகீழாக விழும். அட்டைக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும், அதுதான் பாடம். தெருவில் போய் நிற்கும் வேலை எனக்கு. நான் நின்று கையை ஆட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, கரகாட்டம் ஆடுவேன். உள்ளே தாயும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

"ஏலே, ஆடாம நில்லு, அளக்க முடியல!"

அந்த நாட்களில்தான் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. இங்கே பார்த்த டாக்டர், மதுரைக்குப் போய் நாலு நாள் தங்கி எல்லாம் பார்த்துவிடச் சொன்னார். அந்த நாலு நாளுக்குள் கயலின் செய்முறை வகுப்பு வந்துவிடும். அத்தான் எல்லையில் இருந்தார். எங்கள் அம்மாவுக்கு வலிப்பைக் கண்டாலே கை கால் நடுங்கும், பேத்தியைத் தனியாகப் பார்க்க முடியாது. மீதி இருந்தது நான்.

அடுப்படியில் வைத்துக் கேட்டார்.

"ஏலே, நாலு நாளைக்குப் பாப்பா கூடப் போயி அந்தப் பெஞ்சில உக்காருதியா? நான் மதுரைக்குப் போயிட்டு வந்துருதேன்."

நான் சொன்னது இதுதான்: "பள்ளிக்கூட வாசல்லயா? வாத்தியாருமாரு பாத்தா, ஒம்பதாவதுல தப்பிச்ச பய சிக்கிட்டாம்னு உள்ள இழுத்துப் போட்ருவாவ. ஒனக்கு வகுத்து வலி, எனக்குப் பள்ளிக்கூட வலி. எது பெருசுன்னு அந்த டாக்டர்ட்டயே கேட்டுட்டு வா."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போல கோட்டிப்பயலே. பொறவு பாத்துக்கிடுவோம்" என்றார். மறுபடி கேட்கவே இல்லை.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்க வேண்டியது அவர் வேலையா? மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, "ஏறு பாப்பா" என்று நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

வகுப்புகள் எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா மதுரைக்குப் போனார். அப்போது நோய் வெகுதூரம் போயிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அங்கே டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது தம்பி" என்றார். பிழைத்திருப்பார் என்றோ மாட்டார் என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்தச் 'சொல்ல முடியாது' இன்றுவரை என் கூடவே வண்டியில் வருகிறது.

அக்கா எங்களை விட்டுப் போனார். கருமாதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே கயலுக்குச் செய்முறைத் தேர்வு வந்துவிட்டது.

அத்தானின் அண்ணன் நல்ல மனிதர், முறை தவறாதவர். அவர் கவலையில் சொன்னதை நான் குறையாக எழுதவில்லை. "தாயைத் தூக்கிக் குடுத்த பிள்ளை, பதினாறு முடியாம வாசப்படி தாண்டலாமா? போற எடத்துல வலிப்பு வந்தா யாரு பதில் சொல்ல? அடுத்த வருசம் எழுதட்டும்" என்றார்.

அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கயல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் எழுதல. இந்தப் பரீட்சையாலதான் அம்மா அப்பவே ஆசுபத்திரிக்குப் போகல."

அவள் பரீட்சையைக் குற்றம் சொன்னாள். குற்றவாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

அப்போது எங்கள் அம்மா மூலையிலிருந்து பேசினார். "பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்காம்லா. அவன் சொல்லட்டும்."

காது குத்துக்கு மடியில் உட்கார வைக்கவும், சடங்குக்குச் சேலை எடுக்கவும் தாய்மாமன் வேண்டும். அதுவரை அந்த முறையை நான் கேலியாகத்தான் வைத்திருந்தேன். அன்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாயில் கேலி ஒன்றும் வரவில்லை.

கயலிடம் போய் நின்று, அடுப்படியில் அக்கா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எல்லார் முன்னாலும் அப்படியே சொன்னேன். "பரீட்சை மேல தப்பு இல்ல பாப்பா. என் மேல கோவப்படு. ஆனா ஒங்கம்மா வெயில்ல உக்காந்தது வீணாப் போகக் கூடாது" என்றேன்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க வெளிய உக்காருவீங்களா மாமா?"

"உக்காருவேன்."

"போன் பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டேன்."

"தூங்கிற மாட்டீங்களே?"

அத்தானின் அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "தாய்மாமன் சொல்லியாச்சு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் போங்க, வந்தும் ஊத்திக்கிடுங்க" என்றார். தீட்டுக்கு அவரே வழி சொல்லிவிட்டார்.

அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சிமெண்டு நெருப்பாகச் சுட்டது. இதில்தான் வலியோடு அவர் உட்கார்ந்தார் என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆய்வக டீச்சர் வெளியே வந்து, "அவங்க வரலையா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா பதில் சொல்றதுக்கு முன்னாடி இங்கே அவங்க உதடு அசையும். வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்காதீங்கன்னு திட்டியிருக்கேன்" என்றார்.

தேர்வு முடிந்து வண்டியில் திரும்பும்போது, வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் கயல் சொன்னாள்.

"லென்சுதான் வந்துச்சு மாமா."

"தெரிஞ்சிருந்தா வெளிய நின்னு ஆடியிருப்பேனே, போன் வேற பாக்கக் கூடாதுன்னுட்ட."

அவள் சிரிக்கவில்லை. "ஜன்னல் பக்கம் பிடிச்சா எப்பவும் அம்மாதான் அட்டையில விழுவாங்க. தலைகீழா, குட்டியா, பெஞ்சோட. அத வச்சுத்தான் தூரம் சரி பண்ணுவேன். இன்னைக்குப் பிடிச்சேன், நீங்க விழுந்தீங்க."

"கலங்கலாவா, தெளிவாவா?"

"மொதல்ல கலங்கலா. கொஞ்ச நேரம் ஆச்சு. பொறவு தெளிவா வந்துட்டீங்க."

வண்டியை ஓரம் கட்டினேன். வண்டியில் கோளாறு என்று சொல்லி இறங்கி, டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து நின்றேன். லோடே இல்லாத வண்டிக்கு என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை.

எழுத்துத் தேர்விலும் வாசலில் இருந்தேன். கணக்குப் பரீட்சையன்று அவளுக்கு வலிப்பு வந்தது. கூப்பிட்டார்கள், ஓடினேன். அக்கா சொல்லித் தந்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "எம்புட்டு நேரம் போச்சு?" மீதியை எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். இப்போது பதினொன்றாவது சேர்ந்திருக்கிறாள், அதே ஸ்ரீவில்லிபுத்தூரில். மாத்திரை ஒத்துக்கொண்டு வலிப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் பரீட்சை நாட்களில் வாசலில் ஒரு ஆள் இருப்பார். யார் என்று உங்களுக்குத் தெரியும். நானும் பத்தாவது எழுத வேண்டும் என்று அவள் நச்சரிக்கிறாள். எழுதுகிறேன் என்று இந்த மலரில் போட்டுவிட்டால் நீங்கள் எல்லாரும் சாட்சி ஆகிவிடுவீர்கள். அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் மதுரையில் முறை வைத்துத் துணைக்கு இருந்த உறவுப் பெண்களுக்கும், பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்த்த ஆய்வக டீச்சருக்கும், "இந்த ஜன்னல்ல கேளுங்கம்மா" என்று ஒரு தடவையாவது சரியான ஜன்னலைக் காட்டிய அலுவலகத்துக்காரருக்கும், லோடு தாமதமானாலும் பொறுத்துக்கொண்ட தறிக்கூட முதலாளிக்கும், முறையைக் காப்பாற்றிக்கொண்டே பிள்ளைக்கு வழி விட்ட அத்தானின் அண்ணனுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோள். அக்காவை இனியும் 'ஹெட்மாஸ்டர்' என்றே சொல்லுங்கள். நான் கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் சரியான பேர்.

மரியாதையாக எழுதச் சொன்ன அத்தான் இந்தக் கடைசி வரியை மட்டும் மன்னிக்க வேண்டும். அக்கா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் கேலிதான் பண்ணினேன், பதில் சொல்லல. இப்பச் சொல்லுதேன். நீ மதுரைக்குப் போயிட்டு வா. நான் உக்காந்திருக்கேன்.

தம்பி