ஐந்து பேருக்கான ஸ்பிரிங்

“வண்டியில எப்பவும் எத்தனை பேர் சார் போவீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். ஜீப்பையும் பிக்கப்பையும் உயரம் தூக்கிக் கொடுக்கும் கடை அது, மைசூரு ரிங் ரோட்டில் இருக்கிறது. நான் கொஞ்சமும் தயங்காமல், “அஞ்சு பேர், ஒரு கைக்குழந்தை. பின்னாடி தொட்டியில ஒரு கிடா, பாத்திரம், விறகு” என்றேன்.

அன்று காலை விஜயநகரில் என் வீட்டில் ஒரு தம்ளர் காபிதான் போட்டிருந்தேன். ஏழு மாதமாகவே ஒரு தம்ளர்தான். ஆனாலும் கடையில் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஹனூர் பக்கத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், கண்ணெதிரே இருப்பவர்களை மட்டும் எண்ண மாட்டோம். பிழைப்புக்காக எந்த ஊருக்குப் போயிருந்தாலும் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்வோம். குறைத்துச் சொன்னால் குறைந்துவிடும் என்று பயம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது பூசாரி கேட்டாலும் அதே பதில்தான். மெக்கானிக் கேட்டபோதும் வாய் அந்தப் பழக்கத்தில் பேசிவிட்டது.

இந்த வேலை தொடங்கியதே குலதெய்வத்தால்தான். ஹனூர் தாண்டி, பாலாறு போகும் சாலையிலிருந்து பிரியும் மண்தடத்தில் மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் கோவில். வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில், குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். போன மாசிக்கு எல்லோருமே வந்திருந்தார்கள். மகனும் மருமகளும் புனேயிலிருந்து வந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் மகள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால், தனியாக வந்திருந்தாள். அவளுக்கு அப்போது நான்காவது மாதம். ஓய்வு பெற்றபோது நான் வாங்கிய பிக்கப்பில் ஐந்து சீட்டும் நிறைந்து போனது அந்த ஒரு தடவைதான். பின்சீட்டில் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கோவிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் காய்ந்த ஓடை ஒன்று குறுக்கே வரும். அங்கே வண்டியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். மருமகளின் செருப்பு அறுந்தது. பொங்கல் பானையை என் மனைவி தலையில் வைத்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலில் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். திரும்பும்போது மகன், “ரோடு போட்டதும் கூப்பிடுங்கப்பா, வர்றோம்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது பயமாக இருந்தது.

ரோடு என் கையில் இல்லை. வண்டி என் கையில் இருக்கிறது. அதை உயர்த்திவிட்டால் அடுத்த மாசிக்கும் எல்லோரும் வருவார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஆனியில் மனைவி, மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போனாள். “மாசிக்கு எல்லாரும் ஒண்ணா வந்துர்றோம்” என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதன்பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை அந்த வண்டிதான். முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். ஓடையின் பாறையை டேப் வைத்து அளந்து வந்தேன். அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நான்கு இடத்தில் குறித்தேன். இரண்டரை அங்குலம் கூடுதலாக வேண்டும். டயரைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். விட்டத்தில் ஒரு அங்குலம் கூடினால் வண்டி உயர்வது அரை அங்குலம்தான், மீதி அரை மேலே சக்கரத்துக்கூண்டுக்குள் போய்விடும் என்பதைக் கடைக்காரர்தான் சொன்னார். இவ்வளவு காலம் அளவு பார்த்தவனுக்கு இது உறைக்கவில்லையே என்று மானம் போயிற்று.

கடைக்காரர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதி கன்னடத்தில்தான் பேசுவார். “நோடி, பாருங்க சார், லிஃப்ட் கிட்டுல ரெண்டு அங்குலம், டயர்ல அரை. அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம். வளைவுல வண்டி ஆடும்” என்றார். நான் உடனே சரி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டால் நாளைக்கு அங்கே போகக் காரணம் இருக்காது. அதனால் தினம் ஒரு கேள்வியோடு போனேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்ளே உரசுமா? இரும்பு வீலா, அலாய் வீலா? கற்களுக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான டயரா, இல்லை பெரிய பட்டன் வைத்த சேற்று டயரா? அவர் பொறுமையாகச் சொல்வார், டீ வரவழைப்பார். ஒருநாள், “சேத்து டயர் வேண்டாம் சார், ஹைவேல ஊளையிடும். காதே போயிடும்” என்றார். சத்தம் இருந்தால் எனக்குத் துணையாக இருக்கும் என்று மனதில் பட்டது. அதைச் சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார் என்று விட்டுவிட்டேன். பொது டயரையே எடுத்தேன்.

வீலை மட்டும் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று வீல்களின் படத்தைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். மகள் மறுநாள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எந்த வீலுக்கு என்று தெரியவில்லை. மகன், “எதுன்னாலும் ஓகேப்பா” என்று போட்டான். மனைவி, “கருப்பு வேண்டாம்” என்று எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கருப்பு இல்லாததையே வாங்கினேன். அலாய் வேண்டாம், இரும்புதான். கல்லில் அடி வாங்கி நெளிந்தாலும் ஹனூரிலேயே தட்டி நிமிர்த்திவிடலாம்.

கடைசியில் பாக்கி இருந்தது பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைதான். அதற்காகத்தான் கடைக்காரர் ஆள் கணக்குக் கேட்டார். அது மூன்று விதமாக வருகிறது. காலி வண்டிக்கு ஒன்று, எப்போதும் முன்னூறு கிலோ இருக்கும் வண்டிக்கு ஒன்று, ஐந்நூறு கிலோவுக்கு ஒன்று. நான் ஒவ்வொருவரின் எடையையும் வரிசையாகச் சொன்னேன். மகன் எழுபத்தெட்டு, மருமகள் ஐம்பத்தாறு, மகள் அறுபது, குழந்தை எட்டு. மனைவி அறுபத்திரண்டு. ஊருக்குப் போகும்முன் டாக்டரிடம் போனபோது சீட்டில் எழுதியிருந்த எடை அது. கிடா, பாத்திரம் எல்லாம் சேர்த்தால் முன்னூறைத் தாண்டியது. “அப்ப முன்னூறு கிலோ பட்டைதான் சார்” என்றார். எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வேலை முடிந்து வண்டி வந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பார்க்க யாரும் இல்லை. எதிர் மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரி மட்டும், “லாரி மாதிரி ஆயிருச்சுங்களே சார்” என்றார்.

அதற்கடுத்த வாரத்திலேயே ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. மகனுக்கு லீவு இல்லை. மருமகள் தனியாக எப்படி வருவாள்? மகள் வேலையில் மறுபடி சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் மனைவியும் இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்க வேண்டும். “ஏனுங்க, நான் மட்டும் வேணா வந்துரட்டுங்களா?” என்று கேட்டாள். “இங்க ஒண்ணும் கொறையில்ல, நீ இருந்து பாத்துட்டு மெதுவா வா” என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன். போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் அந்த வண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. எனக்கு அதன்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

எரிச்சல் ஓட்டும்போது இன்னும் கூடியது. வேகத்தடை ஏறி இறங்கினால் பின்பக்கம் குதித்தது. சின்னப் பள்ளத்துக்கே தலை கூரையில் இடித்தது. கொள்ளேகால் வரை ஒரு தடவை போய்விட்டு வந்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்காரர் சாவியை வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். பிறகு இறங்கி, காலியான தொட்டியையும் காலியான பின்சீட்டையும் பார்த்தார். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

“ஸ்பிரிங் மேல தப்பு இல்ல சார். அது முன்னூறு கிலோவுக்குக் காத்துக்கிட்டிருக்கு. நீங்க ஒருத்தரேதான் ஓட்றீங்களா?”

“இப்போதைக்கு” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல், “மாத்திரலாம், காலி வண்டிப் பட்டை போட்டா ஸ்வல்ப மெத்துனு போகும். இல்லன்னா ஆறு மூட்டை மணல் போடுங்க, வண்டி அடங்கிடும்” என்றார். பட்டையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாற்றினால் ஐந்து பேர் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எதிர் மனை மேஸ்திரியிடம் கேட்டு, ஆறு சிமென்ட் சாக்குகளைத் தொட்டியில் வைத்து, வாளி வாளியாக மணல் கொட்டி நிரப்பினேன். வாளியை எடை போட்டுத்தான் கொட்டினேன், பழக்கதோஷம். ஐந்து மூட்டையில் ஐம்பது ஐம்பது கிலோ. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஆறாவதில் மட்டும் அறுபத்திரண்டு. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். செய்யும்போதே வெட்கமாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு நாள் பார்த்துக் கிளம்பினேன். வண்டி சாதுவாகப் போயிற்று. ஓடையில் இறங்கியபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டயர் ஒவ்வொரு கல்லாக மிதித்து ஏறியது. அடியில் ஒரு உரசல்கூட இல்லை. அக்கரை ஏறியதும், “பாத்தீங்களா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

கோவிலில் பூசாரியும் நானும்தான். கிடா கொண்டுபோகவில்லை, பொங்கலும் தேங்காயும்தான். “ஊட்ல எத்தன பேருங்க சாமி?” என்று பூசாரி கேட்டார். குழந்தையையும் சேர்த்து ஆறு என்றேன். ஆறு வாழை இலையை வரிசையாகப் போட்டு ஆறிலும் பொங்கலை வைத்தார். நான் ஒரு இலையின் முன்னால் உட்கார்ந்தேன்.

சாமிக்கு எதிரே, சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடிக்குப் போய், சாமியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தபடி மனைவிக்கு வீடியோ போட்டேன். அங்கே சாயங்காலம். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியைக் கும்பிட்டாள். பிறகு, “ஓடையில மாட்டிக்கிச்சுங்களா?” என்றாள்.

“பாறையத் தொடவே இல்ல.”

“துணைக்கு ஆரு வந்தாங்க?”

“ஆறு மூட்டை மணல்” என்றேன். பட்டை கதையைச் சொன்னேன், கடைக்காரரிடம் எடை சொன்னதையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழந்தை விழித்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு எத்தன கிலோன்னு சொன்னீங்க?”

“அறுவத்திரெண்டு.”

அவள் சிரிப்பு நின்றது. “இப்ப அம்பத்திநாலுதானுங்க” என்றாள்.

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். தினமும் அந்த முகத்தைத்தான் பார்த்தேன், ஆனால் கழுத்தெலும்பு அப்படித் தெரிவதை அன்றுதான் கவனித்தேன். “ஒடம்புக்கு என்ன?” என்றேன்.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. அவங்க ரெண்டு பேரும் வெடியக்காலைல வேலைக்குப் போயிருவாங்க. பேச ஒரு ஆள் இல்ல. ஒருத்திக்குன்னு என்னத்தப் பொங்கித் திங்கறது? ரெண்டு ரொட்டித் துண்டு, ஒரு டம்ளர் பாலு, அவ்வளவுதான்.”

எட்டு கிலோ. ஒரு டயரை வாங்குவதற்கு இரண்டு மாதம் தினமும் கடைக்குப் போய்க் கேள்வி கேட்டவன் நான். நீ சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று இவளிடம் ஒரு நாள் கேட்டதில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னேன், அங்கே ஒரு குறையும் இல்லை என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் அதையே நம்பிக்கொண்டிருந்தோம்.

“வந்துரு புள்ள” என்றேன்.

“கொழந்தைய ஆருங்க பாப்பாங்க?” என்றாள்.

“அதுக்கு ஒரு ஆளு கெடைக்கும். நீ வந்துரு.” பக்கத்தில் பூசாரி நிற்கிறார், எதிரே சாமி இருக்கிறது, பின்னால் ஆறு இலை விரித்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். “இங்க நான் ஒருத்தன்தான் புள்ள இருக்கறேன்.”