தடிமனோடு சுகம் விசாரிக்க வந்தவர்கள்

நான் நொண்டி நடப்பதைப் பார்க்கும் புதிய ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஆசுபத்திரியில கெடுத்த காலா?" பதிலுக்குக் காத்திராமல், இங்கிலீசு வைத்தியத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த கெட்ட கதை ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு வாய் வராது. அதனால் இத்தனை காலமும் எனக்குச் சத்திரசிகிச்சை செய்த டாக்குத்தர்தான் என் காலைக் கெடுத்தவர் என்று ஊர் நம்புகிறது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். எழுதியாவது வைக்கிறேன்.

எங்கள் ஊர் காத்தான்குடி. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் அப்படிப் போனவன். மனைவியின் வாப்பா, என் மாமா, வீட்டுக்குப் பின்னால் விட்டுத்தந்த இடத்தில் குழி வெட்டித் தறி போட்டிருந்தேன். குழித்தறியில் கைக்கு எவ்வளவு வேலையோ காலுக்கும் அவ்வளவு வேலை. வலது மிதி, இடது மிதி என்று மாறி மாறி மிதிக்க வேண்டும். ஒரு கால் பிந்தினால் பாவு திறக்காது, ஊடு நூலைக் கொண்டோடும் நாடா நடுவழியில் நின்றுவிடும். இடுப்பில் உடுக்கிற சாரன் நெய்து பிழைக்கிறவனுக்குக் கால் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய மாரி காலம் அது. டவுனில் நூல் எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் திரும்பும்போது, கல்லடிப் பக்கம் மழையில் கரைந்திருந்த தெருவோரத்தில் சில்லு இறங்கி வண்டி சரிந்தது. நான் கீழே, வண்டிச்சட்டம் என் வலது காலின் மேலே. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆசுபத்திரி டாக்குத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "முறிஞ்ச முனை ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்குது. சும்மா கட்டினாச் சரிவராது. திறந்து நேராக்கி இணைக்கவேணும்," என்றார். முதலில் வீக்கம் வற்ற வேண்டும். வற்றியதும் பிந்தாமல் செய்துவிட வேண்டும். பிந்தினால் எலும்பு ஏறி நின்றபடியே பொருந்தத் தொடங்கிவிடும், கால் நீளம் குறைந்து கட்டையாகிவிடும்.

பிறகு சளி ஒழுகுகிறதா என்று என் மூக்கைப் பார்த்தார். "தடிமன், இருமல் ஏதும் இருக்கே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஊரெல்லாம் காய்ச்சல் தடிமனா இருக்கு. உமக்கும் பிடிச்சுதெண்டா நான் குளோரபோம் தரமாட்டன். போன கிழமை ஒருத்தரைத் தடிமனோட மயக்கப்போய், சளி நெஞ்சுக்கு இறங்கி ஆளே போயிட்டார். சனத்தைக் கிட்ட விடாதேயும்."

சனத்தைக் கிட்ட விடாதேயும்! எங்கள் ஊர்ச் சனத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வருத்தக்காரனைப் போய்ப் பார்ப்பது எங்களுக்குக் கடமை. நன்மை கிடைக்கும் கடமை. போகாதவனை ஊர் மறக்காது. அதுவும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவது பார்த்ததாகாது. கட்டிலோரம் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஓதத் தெரிந்தவர் ஓதி, முகத்திலும் நோவுள்ள இடத்திலும் ஊதிவிட்டுத்தான் எழும்புவார்.

வீக்கம் வற்றியது. மறுநாள் காலையில் சத்திரசிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு முன்னால் காத்தான்குடிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பின்னேரம் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். நோயாளிகள் கிடக்கிற வாட்டுக்குக் காவலாளி ஏறாவூர் ஆள், அவனும் எங்கள் சனம்தான். "நோயாளியப் பாக்க வந்த மனிசர எந்த வாயால தடுக்கிற?" என்று கதவை விரியத் திறந்துவிட்டான்.

மாமா முன்னால் வந்தார். மூக்கு சிவந்து, கண் கலங்கி, குரல் அடைத்திருந்தது. தோள் சால்வையால் மூக்கைச் சீறினார். மாமா பள்ளியில் ஓதிக்கொடுக்கிற லெப்பை இல்லை. ஆனாலும் அவர் ஓதிப் பார்த்தால் சுகம் வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அவர் ஓதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பின்னால் நின்ற என் மனைவிக்கு டாக்குத்தர் சொன்னது தெரியும். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, "வாப்பா, அங்கின நிண்டே ஓதுங்களேன். உங்களுக்குத் தடிமன் எலுவா," என்றாள்.

"என்ன புள்ள கதைக்காய்? தூரத்தில நிண்டு ஊதினா அது யன்னலால போயிரும். பக்கத்துக் கட்டில்காரனுக்கா நான் ஓத வந்த?"

பக்கத்துக் கட்டில்காரர் குருக்கள்மடம் என்கிற தமிழூர் வெள்ளாமைக்காரர், கை முறிந்து கிடந்தவர். "எனக்கும் கொஞ்சம் ஊதிவிடுங்க நானா, குறைஞ்சா போயிரும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். அவர் கை சுட்டது. காய்ச்சலோடு, மழையில், வண்டியில் அவ்வளவு தூரம் எனக்காக வந்திருக்கிறார். அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பலாமா என்று நினைத்தேன். பெண் வீட்டில் இருக்கிற மருமகன் மாமாவுக்கு முகத்தைத் திருப்புவதா? கண்ணை மூடிக்கொண்டு மூச்சை அடக்கினேன். அவர் நீளமாக ஓதினார். எவ்வளவு நேரம்தான் அடக்குவது? அவர் ஊதிய நேரமும் நான் மூச்சை இழுத்த நேரமும் ஒன்றாகப் போய்விட்டன. ஊதி முடித்து இரண்டு தரம் இருமினார்.

அவருக்குப் பிறகு அவருடைய கூட்டாளி வந்தார். மீன் ஏலம் கூறுகிறவர். பெரிய குரல், அதைவிடப் பெரிய இருமல்.

காலையில் எனக்குத் தொண்டை அரித்தது. வெறும் வறட்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்திரசிகிச்சை மேசையில் ஏற்றிக் கிடத்தினார்கள். முகமூடியைக் கொண்டுவந்தபோது தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன். மூன்று தும்மல் சேர்ந்து வந்தது.

டாக்குத்தர் கழுவிய கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். "நேற்று ஆர் வந்தது?"

நான் புறங்கையால் மூக்கைத் துடைத்தேன்.

"உம்மட காலை உம்மட சனமே தின்னப்போகுது," என்றார். என்னைத் திரும்ப வாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றிரவே காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் வருகிறவர்களின் தொகை இரண்டு மடங்காயிற்று. கால் முறிந்ததற்கு ஒருதரம் வந்தவர்கள் காய்ச்சலுக்கு இன்னொருதரம் வந்தார்கள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொண்டுவந்தார்கள், கூடவே புதிய இருமல்களையும் கொண்டுவந்தார்கள். எனக்குச் சளி குறையும். டாக்குத்தர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "நாளையிண்டைக்குப் பாப்பம்," என்பார். அன்றைக்குப் பின்னேரம் யாராவது ஒருவர் என் முகத்துக்கு நேரே ஓதி இருமிவிட்டுப் போவார். திரும்பவும் காய்ச்சும்.

இதற்குள் காலில் நோவு குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்கள் சந்தோசப்பட்டார்கள். "நோவு போயிட்டே, பின்ன என்னத்துக்கு வெட்டுற?" என்று கேட்டார்கள். நோவு போவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எலும்பு கோணலாகவே பொருந்துகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை நான் யாரிடம் விளக்க? மனைவி மட்டும் ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். காலில் எலும்பு புடைத்து நின்ற இடத்தைத் தொட்டாள். "இனித் தறியில எப்படி இருக்கிற?" என்றாள். பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

கடைசியில் நெஞ்சு தெளிந்து மேசையில் ஏற்றியபோது காலம் கடந்திருந்தது. பொருந்திய எலும்பைத் திரும்ப உடைத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. மயக்கம் தெளிந்தபின் பழைய இருமல் எழும்பியது. ஒவ்வொரு இருமலும் காலில் போய் இடித்தது. தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, ஆறக் கனகாலம் எடுத்தது. கால் ஒரு பெருவிரல் அகலத்துக்குக் கட்டையாகிவிட்டது. கணுக்கால் மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிதியில் தென்னங்கட்டை வைத்துக் கட்டிப் பார்த்தேன். கால் எட்டியது. ஆனால் கணு மடங்காமல் எப்படி மிதிப்பது? சாரன் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொய்ந்து வந்தது. இப்போது தறியில் என் மனைவியின் தம்பி இருக்கிறார். நான் ராட்டையில் நூல் சுற்றுகிறேன். எங்கள் ஊரில் அது பெண்கள் செய்கிற வேலை. தெருக்கதவை மூடிவிட்டுத்தான் சுற்றுவேன்.

இவ்வளவையும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாரியில் நடந்தது. மாமா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கை முறிந்தது. அதே ஆசுபத்திரி, வேறு டாக்குத்தர். மறுநாள் மயக்கிப் பொருத்துவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது தடிமன். போகாமல் இருக்க முடியாது, போய்ச் சேர்ந்தேன். ஆனால் வாட்டு வாசலைத் தாண்டவில்லை. சால்வையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தடியை ஊன்றி நிலையோடு நின்றேன்.

மாமா கண்டுவிட்டார். "ஏன் மருமகன் அங்க நிக்கிறயள்? கிட்ட வாங்க!"

"தடிமன் மாமா," என்றேன்.

"தடிமனுக்கென்ன, நான் காச்சலோட உங்களப் பாக்க வரல்லயா?"

வாட்டிலிருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "கால் போனதும் ஆளுக்குப் பெருமை வந்துட்டு," என்று ஒருவர் சொன்னது நன்றாகக் கேட்டது. மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது எனக்குப் பின்னால் அந்தப் பெரிய இருமல் கேட்டது. மீன் ஏலக்காரர். இப்போது கிழவராகிவிட்டார், இருமல் மட்டும் அப்படியே இருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். எனக்கே தெரியாமல் என் தடி வாசலுக்குக் குறுக்கே போயிற்று.

"போகாதீங்க காக்கா. நாளைக்கு மாமாவ மயக்கோணும்."

அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு சத்தமாக நான் அதற்குமுன் பேசியதில்லை. ஏலக்காரர் என்னையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னடா மனே, நோயாளியப் பாக்க வந்தவன மறிக்காய்?"

"இஞ்ச நிண்டு ஓதுங்க. மாமாக்குக் கேக்கும்."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை, வெட்கப்பட்டவர் போல இருந்தது. "விடுங்க மருமகன். எனக்கு ஓதத்தானே வந்திரிக்கார். வரட்டும்."

நான் தடியை எடுத்தேன். ஏலக்காரர் இருமிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்தார். மாமாவின் நல்ல கையைப் பிடித்து முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.