பங்குக் கிணற்றுக்காக எழுதிய ஆங்கிலக் கடிதம்

2024 யூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மழை பெய்து முப்பத்தெட்டு நாளாகியிருந்தது. கனடாவிலிருந்து கைபேசிக்கு ஓர் ஆங்கில மின்னஞ்சல் வந்தது. பதினான்கு நாளாக நான் எதிர்பார்த்திருந்த பதில் அது.

கோப்பாயில் எனக்கு நாலு பரப்புத் தோட்டம் இருக்கிறது. அப்போது அதில் அறுநூற்று நாற்பது மிளகாய்க் கன்று நின்றது. தோட்டத்துக்குள் கிணறு இல்லை. என் வேலியிலிருந்து ஐம்பத்தெட்டு எட்டு வைத்தால், பக்கத்துக் காணிக்குள் பங்குக் கிணறு. பாதி அந்தக் காணிக்காரருடையது, பாதி என்னுடையது. 'கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்' என்று என் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. காணிக்காரர் ஆறு வருடங்களுக்கு முன் கனடாவில் இருந்த மகளிடம் போனார். போன வருடம் அங்கேயே காலமானார். காணி மகளுக்கு வந்தது. அவள் சின்ன வயதிலேயே தாயோடு அங்கே போய் வளர்ந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். அதனால் நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாயிற்று.

மரியாதையாக எழுதினேன். அதுதான் பிழை. அவளுடைய தகப்பன் இங்கே இருந்த காலத்தில், இறைப்பு நாட்களில் அவர் வளவுக்குள் கால் வைக்க முதல் வேலியடியில் நின்று, "இறைக்கலாமோ?" என்று கேட்பேன். "இதென்ன கேள்வி? இறையுங்கோவன்" என்பார். இருபத்தைந்து வருடம் இப்படித்தான் நடந்தது. சொந்தப் பங்காக இருந்தாலும் அடுத்தவன் வளவுக்குள் இருந்தால் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மறுப்பார் என்று நானும் நினைத்ததில்லை, நான் உண்மையாகவே உத்தரவு கேட்கிறேன் என்று அவரும் நினைத்ததில்லை. அவர் கனடா போன பிறகு கேட்க ஆளில்லாமல் இறைத்துவந்தேன். காணி மகளுக்கு வந்ததும் அதே வழக்கத்தில் அவளுக்கும் எழுதினேன். பதினொரு வாக்கியக் கடிதம். 'மே ஐ' மூன்று இடத்தில், 'குட் யூ கைண்ட்லி' இரண்டு இடத்தில்.

பதில் மிகவும் அன்பாக இருந்தது. தாராளமாகத் தண்ணீர் எடுக்கலாம் அங்கிள், காணியை வாங்குபவர் ஐப்பசியில் மதில் கட்டும்வரை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு நீங்கள் வேறு ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாள். காணி விலைப்படுகிற கதையே எனக்கு அப்போதுதான் தெரியும். என் கடிதத்தை வாங்குபவருக்கும் அனுப்பியிருந்தாள். கிணறு முழுவதும் காணியோடு சேர்ந்தது என்பதற்கு என் கடிதமே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. மிளகாய்க்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். கிணறு போனால் தோட்டமும் போன மாதிரித்தான். அன்று மூன்று முறை இரத்த அழுத்தம் பார்த்தேன். மூன்று முறையும் கூடுதலாகவே காட்டியது.

அடுத்த நாள் இரண்டு கடிதங்களையும் கொண்டு, நாலு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சரிடம் போனேன். கண்ணாடியை மாற்றிப் போட்டு இரண்டையும் வாசித்தார்.

"இங்கிலீசிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. நூறுக்கு நூறு போடுவன். உங்கடை சாமானுக்கு நீங்கள் ஏன் உத்தரவு கேட்டனியள்?"

"மரியாதைக்குத்தான் ரீச்சர்."

"உங்கடை மரியாதை அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? கேட்டதுக்கு மறுமொழி சொல்லியிருக்கு. நல்ல பிள்ளை, மாட்டன் எண்டு சொல்லேல்லையே!"

பிறகு ஒரு கொப்பித் தாளில் பணிவிலிருந்து கட்டாயம்வரை ஐந்து படி கீறினார். அடியில் 'மைற்'. அதற்கு மேல் 'மே', 'கேன்', 'சுட்'. உச்சியில் 'மஸ்ற்'. "நீங்கள் கீழ்ப்படியிலை நிண்டு எழுதியிருக்கிறியள். கொஞ்சம் ஏறுங்கோ" என்றார். ஓர் இலக்கணப் புத்தகமும் வாங்கச் சொன்னார்.

இவை எனக்குப் புதியவை அல்ல. கேன் இயலும், மே அனுமதி, சுட் வேண்டும், மஸ்ற் கட்டாயம் என்று பள்ளிக்கூடத்தில் கத்திப் பாடமாக்கியவை. ஆனால் அதன் பிறகு முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்தேன். மேலிடத்துக்கு 'மஸ்ற்' என்று எழுதிய ஒருவரையும் அங்கே நான் காணவில்லை. சம்பளப் பாக்கியைக் கேட்பதற்கும் 'மே ஐ' என்றுதான் தொடங்குவோம். கை அப்படிப் பழகிவிட்டது. புத்தகத்திலிருந்த நூற்றுப் பன்னிரண்டு பயிற்சி வாக்கியங்களையும் ஆறு நாளில் எழுதி முடித்தேன். ரீச்சர் திருத்தியபோது நாலு பிழை. நாலும் ஒரே மாதிரியான பிழை: 'மஸ்ற்' வர வேண்டிய இடத்தில் 'மே' போட்டிருந்தேன்.

கடிதத்தை ஏழு தரம் எழுதினேன். மனைவி குசினியில் காய் நறுக்கிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டாவதில் முழுக்க 'மஸ்ற்'.

"உதென்ன, பொலிஸ் கடிதமோ? தேப்பன் செத்து ஒரு வருசமாகேல்லை, அந்தப் பிள்ளைக்கு உப்பிடியே எழுதிறது?"

ஐந்தாவதில் 'சுட்' போட்டேன்.

"உது பள்ளிக்கூடத்து நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. இஞ்சாருங்கோ, மிளகாய் பழுக்க முதல் ஒண்டை அனுப்பிவிடுவியளோ?"

ஏழாவதில் நாலு வாக்கியம். கிணற்றில் பாதி எனக்கு உரியது. உறுதியில் அப்படி எழுதியிருக்கிறது. அதன் பிரதி இத்துடன் இருக்கிறது. முன்பு நான் கேட்டது எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டது. ரீச்சர் உறுதியை மொழிபெயர்த்துத் தந்தார். யூலை 22 அன்று அனுப்பினேன்.

இரண்டு நாளில் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அங்கிள், நீங்கள் எடுக்கலாமோ எண்டு கேட்டிங்கள். நான் ஓம் எண்டன். இப்ப உங்கடை எண்டு சொல்லுறிங்கள்!"

"பிள்ளை, உங்கடை அப்பாட்டையும் நான் கேட்டுத்தான் போறனான்."

"உங்கடை கிணத்துக்கு ஏன் கேட்டனிங்கள்?"

"அவர் இருந்திருந்தால் விளங்கியிருக்கும்."

"அப்பா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை அங்கிள்" என்றாள். குரல் மாறியிருந்தது. "நான் வாங்கிறவரிட்டை முழுக் கிணறும் எண்டு சொல்லிப்போட்டன். அட்வான்சும் வாங்கிட்டன். இப்ப அவர் வேண்டாம் எண்டால் நான் என்ன செய்யிறது?"

என் உரிமையை எழுதிக் கேட்கத்தான் ஆறு நாள் படித்தேன். ஆனால் அவள் ஏமாற்றவில்லை. நான் கேட்டதை அப்படியே நம்பியிருக்கிறாள். அதற்கு மேல் அவளிடம் கடுமையாகக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை. வாங்குபவரோடு நானே கதைக்கிறேன் என்று சொன்னேன்.

வாங்குபவர் யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருப்பவர். உறுதியை இரண்டு தரம் வாசித்தார். "ஐயா, உங்கடை பங்கை நான் மறுக்கேல்லை. ஆனால் என்ரை காணிக்குள்ளாலை நீங்கள் நினைச்ச பக்கத்தாலை போய்வரேலாது. பாதையை அளந்து ஒரு ஓரத்திலை விடுங்கோ, புது உறுதியிலை எழுதுங்கோ, மதிலுக்கு ஒரு கேற் போடுங்கோ. செலவு உங்கடை. இல்லாட்டி எனக்குக் காணி வேண்டாம், அட்வான்சைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ" என்றார்.

சட்டப்படி அந்தச் செலவு என் தலையில் விழத் தேவையில்லை என்று உறுதி எழுதும் நொத்தாரிசு சொன்னார். விற்கிறவளும் வாங்குகிறவரும் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பேசாமல் இருங்கள் என்றார். நான் பேசாமல் இருந்திருந்தால் விற்பனை குழம்பியிருக்கும். முதல் கடிதத்தை எழுதியவன் நான். செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

"ஒரு கடிதத்துக்கு உவ்வளவு செலவோ?" என்றாள் மனைவி. பிறகு, "சரி, பிள்ளை தப்பிச்சுது" என்றும் சொன்னாள்.

ஐப்பசியில் மதில் எழும்பியது. கிணற்றுப் பக்கமாக மூன்றரை அடி அகலத்தில் இரும்புக் கேற் பூட்டினார்கள். மிளகாயில் பதினேழு கன்று பட்டது. அது தண்ணீரால் அல்ல, இலைச்சுருட்டையால். நில அளவையாளருக்கு முப்பத்தீராயிரம், நொத்தாரிசுக்கு இருபத்தையாயிரம், கேற்றும் பூட்டுக்கூலியும் ஐம்பத்தையாயிரத்து ஐந்நூறு, இலக்கணப் புத்தகம் எண்ணூற்றைம்பது. எல்லாமாக ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.